காண்பதும் காணப்படுவதும்: ஹெர்க்குலிஸ் கோபுரத்தின் சொல் வரலாறு

1. முன்னுரை

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு எல்லையாகிய கலீசியாவில், கொருஞ்ஞா என்னும் துறைமுக நகரின் வடமுனையில், ஹெர்க்குலிஸ் கோபுரம் என்று அழைக்கப்படும் கலங்கரை விளக்கம் உள்ளது. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ உரோமானியர் கட்டிய இக்கோபுரம் இன்றும் இரவுதோறும் கடலுக்கு ஒளி தருகிறது. கிரேக்க, உரோமானியப் பழங்காலக் கலங்கரை விளக்கங்களுள் கட்டட அமைப்பையும் பயன்பாட்டையும் ஓரளவேனும் இழக்காமல் எஞ்சி நிற்பது இது ஒன்றே. இச்சிறப்புக் கருதி யுனெஸ்கோ நிறுவனம் 2009ஆம் ஆண்டு இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

கட்டடக்கலை நோக்கில் இக்கோபுரம் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. இக்கட்டுரை கோபுரத்தைப் பற்றிய சொற்களின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறது. ஐந்தாம் நூற்றாண்டு இலத்தீன் நூல் ஒன்றில் இக்கோபுரம் பற்றி வரும் ஒரே ஒரு வாக்கியம், அடுத்த எண்ணூறு ஆண்டுகளில் இரு நாடுகளில் இரு வேறு கதைகளுக்கு இடமளித்தது. ஒன்று அயர்லாந்தின் குடியேற்றக் கதை. மற்றொன்று ஸ்பெயினின் மாயக் கண்ணாடிக் கதை. இரண்டிலும் அடிப்படையான மாற்றம் ஒன்றே. கப்பலில் வருவோரால் காணப்படுவதற்காகக் கட்டிய கட்டடம், அதன் மேல் நின்று தொலைவைக் காண்பதற்கான கட்டடமாகப் பொருள் மாறியது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதையும், பழம்பனுவல்களை மொழிபெயர்ப்போருக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடத்தையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. இடமும் கட்டடமும்

கொருஞ்ஞா நகரம் கடலுக்குள் நீண்டு செல்லும் ஒரு தீபகற்பத்தில் அமைந்தது. அதன் முனையில் 57 மீட்டர் உயரமுள்ள பாறைக்குன்றின் மேல் கோபுரம் நிற்கிறது. கோபுரத்தின் உயரம் 55 மீட்டர். அதில் 34 மீட்டர் உரோமானியர் கட்டியது. எஞ்சிய 21 மீட்டர் 18ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. குன்றைச் சுற்றிலும் அலை அரித்த கரும்பாறைகள். இங்கிருந்து மேற்கே செல்லும் கரைப்பகுதிக்குக் கலீசிய மொழியில் 'கோஸ்தா த மோர்த்தெ' என்று பெயர். 'சாவின் கடற்கரை' என்பது அதன் பொருள். அக்கரையில் உடைந்த கப்பல்கள் பல. கோபுரத்தின் காலடியும் அதற்கு விலக்கன்று. 1992 டிசம்பர் 3ஆம் நாள், சுமார் 79,000 டன் கச்சா எண்ணெயுடன் கொருஞ்ஞாத் துறைமுகத்துக்கு வந்த 'ஏஜியன் ஸீ' என்னும் கிரேக்க எண்ணெய்க் கப்பல் கடும் புயலில் சிக்கி, இக்கோபுரத்திற்கு அருகிலேயே பாறையில் மோதி இரண்டாகப் பிளந்து எரிந்தது. மின்விளக்கும் கருவிகளும் உள்ள காலத்திலேயே நிலைமை இதுவென்றால், பாயும் துடுப்பும் மட்டுமே துணையாயிருந்த காலத்தில் இம்முனையில் எரிந்த தீ எத்துணை இன்றியமையாததாக இருந்திருக்கும் என்பதை உய்த்துணரலாம்.

உரோமானியருக்கு இக்கரை புதியதன்று. கி.மு. 61-60இல் ஜூலியஸ் சீசர் கடல்வழியாக இப்பகுதியிலுள்ள பிரிகாந்தியம் என்னும் ஊரை அடைந்ததாக வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். கி.பி. 43இல் தொடங்கிய பிரித்தானியப் படையெடுப்புக்குப் பின், தெற்கிலிருந்து பிரித்தானியாவிற்குச் செல்லும் அட்லாண்டிக் கடல்வழி முதன்மை பெற்றது. அவ்வழியில் செல்லும் கப்பல்கள் தெற்கு வடக்குப் போக்கிலிருந்து கிழக்கே திரும்பும் மூலையில் இத்துறை உள்ளது.

உரோமானியர் கட்டிய உள்ளகம் சதுர வடிவினது. மூன்று தளங்களும் தளத்திற்கு நான்கு அறைகளுமாக அது அமைந்துள்ளது. அதனைச் சுற்றி வெளிப்புறத்தில் ஒரு சாய்வுப் பாதை மேலேறிச் சென்றது. உச்சியில் எரியும் தீக்கு வேண்டிய விறகு அதன் வழியே சென்றிருக்க வேண்டும். இடைக்காலத்தில் விளக்கு அணைந்தது. கோபுரம் கோட்டையாகப் பயன்பட்டது. வெளிச்சுவரின் கற்களை அக்கம்பக்கத்தார் தம் கட்டடங்களுக்கு எடுத்துச் சென்றனர். சாய்வுப் பாதையும் அவ்வாறே மறைந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமாரோ அந்தூனே என்னும் கட்டடக்கலைஞர் உள்ளே மரப்படிகள் அமைத்து மீண்டும் விளக்கேற்ற வழி செய்தார். 1788இல் தொடங்கிய பெரும் புதுப்பிப்புப் பணியை யூஸ்தாகியோ ஜான்னீனி நடத்தினார். அவர் பழைய உள்ளகத்தின் மேல் கற்போர்வை போர்த்தி, உச்சியில் இரண்டு எண்கோண அடுக்குகளைச் சேர்த்தார். மறைந்துபோன சாய்வுப் பாதையின் தடத்தைப் புதிய சுவரில் சரிந்தேறும் ஒரு கற்பட்டையாகப் பொறித்தும் வைத்தார். இழந்த பகுதி இது என்று காட்டிவிட்டுப் புதியதைப் புதியதாகவே கட்டிய அவரது முறை, சிதைந்த பனுவலைப் பதிப்பிப்போரும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இன்று கோபுரத்தைக் காணச் செல்பவர், ஏறுபாதையில் கேடயம் ஏந்தி நிற்கும் பிரேயோகான் என்னும் வீரனின் சிலையை முதலில் காண்பார். அடுத்து, ஹெர்க்குலிஸ் பெயர் தாங்கிய கோபுரம். அதன் அடித்தளத்தில், 1990களில் நடந்த அகழாய்வு வெளிப்படுத்திய உரோமானிய அடிச்சுவர்களைக் கடந்து, 234 படிகள் ஏறி உச்சியை அடையலாம். உச்சியிலிருந்து தெரிவன நகரமும் துறைமுகமும் வடக்கே எல்லையற்ற கடலும் ஆகும். பிரேயோகான், ஹெர்க்குலிஸ் என்னும் இவ்விரு பெயர்களுக்கும் கட்டடத்தின் உண்மை வரலாற்றில் இடமில்லை. இடமுள்ள பெயர் கீழே, பாறையில் உள்ளது.

3. பாறைக் கல்வெட்டு

கோபுரத்தை ஒட்டிய சிறு கட்டடம் ஒன்றினுள், இயற்கைப் பாறையிலேயே வெட்டிய இலத்தீன் கல்வெட்டு பாதுகாக்கப்படுகிறது. லூசித்தானியாவைச் சேர்ந்த ஏமினியம் ஊரினனாகிய கையுஸ் செவியஸ் லூப்பஸ் என்னும் கட்டடக்கலைஞன், மார்ஸ் கடவுளுக்கு நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடனைச் செலுத்தியதை அது தெரிவிக்கிறது. ஏமினியம் என்பது இன்றைய போர்ச்சுகலின் கோயிம்பிரா நகரம்.

இக்கல்வெட்டில் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, இதில் ஹெர்க்குலிஸின் பெயர் இல்லை. வணங்கப்பட்ட கடவுள் மார்ஸ். இரண்டாவது, கோபுரத்தைக் கட்டியவன் தானே என்று லூப்பஸ் வெளிப்படையாகச் சொல்லவில்லை. தன் தொழிலையும் ஊரையும் நேர்த்திக்கடனையும் மட்டுமே சொல்கிறான். கல்வெட்டு உள்ள இடத்தையும் அவன் தொழிலையும் கொண்டே கோபுரம் அவன் கட்டியது என்று அறிஞர்கள் முடிவு செய்கின்றனர். முடிவு பொருத்தமானதே. ஆயினும் அது பனுவல் கூறுவதன்று, பனுவலிலிருந்து பெறப்படுவது. இவ்வேறுபாட்டைக் கைவிடும்போது என்ன நேரும் என்பதற்கு இக்கோபுரத்தின் பிற்கால வரலாறே சான்று.

4. இடப்பெயரும் பொதுப்பெயரும்

கலங்கரை விளக்கத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல் 'ஃபாருஸ்' கிரேக்க 'ஃபாரோஸ்' என்பதிலிருந்து வந்தது. ஃபாரோஸ் என்பது எகிப்தின் அலெக்சாண்டிரியா நகருக்கு எதிரேயுள்ள தீவின் பெயர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அத்தீவில் எழுந்த புகழ்மிக்க விளக்குக் கோபுரத்தால் தீவின் பெயர் கோபுரத்திற்கு ஆகி, பின்னர் அத்தகைய கோபுரங்கள் அனைத்திற்கும் பொதுப்பெயராயிற்று. இன்றைய ஸ்பானிய, இத்தாலிய 'ஃபாரோ', பிரெஞ்சு 'ஃபார்' ஆகியன அதன் வழிவந்தவை.

கலீசியாவில் இச்சொல் எதிர்த்திசையிலும் சென்றது. இடப்பெயராகத் தோன்றிப் பொதுப்பெயரான சொல் இங்கு மறுபடியும் இடப்பெயராயிற்று. வடபுலத்துக் கடற்கொள்ளையர் 844ஆம் ஆண்டு இக்கரைக்கு வந்ததை எழுதும் ஒன்பதாம் நூற்றாண்டு இலத்தீன் வரலாற்றேடு, அவர்கள் வந்த இடத்தை 'ஃபாரும் பிரிகாந்தியும்' என்னும் பெயரால் சுட்டுகிறது. அங்கு அது விளக்கைக் குறிக்கவில்லை. ஓர் ஊரை, ஒரு வட்டாரத்தைக் குறிக்கிறது. 1086ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒஸ்மா கையெழுத்துச் சுவடியின் உலகப் படத்தில் ஸ்பெயினின் இம்மூலையில் விளக்குக் கோபுரம் வரையப்பட்டுள்ளது. கொருஞ்ஞா என்னும் பெயர் பிற்பட்டது. லெயோன் அரசன் ஒன்பதாம் அல்ஃபோன்சோ 1208இல் இவ்விடத்தில் ஊரைப் புதிதாக நிறுவியபோது 'குருஞ்ஞா' என்னும் வடிவம் நிலைபெற்றது.

கலங்கரை விளக்கத்திற்குப் பெயரிடும் முறை மொழிக்கு மொழி வேறுபடுவது இங்குக் கருதத்தக்கது. கிரேக்கமும் அதன் வழி மொழிகளும் இடத்தால் பெயரிட்டன. தமிழ் செயலால் பெயரிட்டது. சிலப்பதிகாரத்தில் வரும் 'கலங்கரை விளக்கம்' என்னும் தொடரிலுள்ள 'கரை' கடற்கரையைக் குறிப்பதாக இன்று பலரும் எண்ணுகின்றனர். பழைய உரைமரபோ அதனைக் 'கரைதல்', அதாவது அழைத்தல் என்னும் வினையாகக் கொண்டு, கலங்களை அழைக்கும் விளக்கு என்று பொருள் கூறுகிறது. பெரும்பாணாற்றுப்படை துறைமுக விளக்கை வருணிக்குமிடத்தில் இவ்வினையையே அழைத்தற்பொருளில் ஆள்வதால் உரைமரபு வலுப்பெறுகிறது. வடிவம் ஒன்றாயினும் பகுப்பு இரண்டு. பகுப்பு மாறினால் விளக்கின் தொழிலும் மாறுகிறது. கொருஞ்ஞாக் கோபுரத்திற்கு நேர்ந்ததும் இதற்கு நெருங்கிய ஒன்றே.

5. ஒரோசியஸின் வாக்கியம்

பாவுலுஸ் ஒரோசியஸ் ஐபீரியத் தீபகற்பத்தைச் சேர்ந்த கிறித்தவத் துறவி; கலீசியப் பகுதியினர் என்பது பெரும்பான்மையோர் கருத்து. ஆப்பிரிக்காவில் புனித அகுஸ்தீனின் தூண்டுதலால் அவர் எழுதிய 'புறச்சமயத்தார்க்கு எதிரான வரலாறு' என்னும் நூல் கி.பி. 417ஐ ஒட்டி நிறைவுற்றது. ஏழு பகுதிகள் கொண்ட இந்நூல் இடைக்கால ஐரோப்பாவின் பாடநூலாகவே விளங்கியது. பழைய ஆங்கிலத்திலும் அரபியிலும் இது மொழிபெயர்க்கப்பட்டது. முதற்பகுதியில் உலக நிலவியலைக் கூறும் ஒரோசியஸ், ஸ்பெயினை முக்கோணமாகக் கண்டு, அதன் இரண்டாம் மூலையில் பிரிகாந்தியா என்னும் கலீசிய நகரம் இருப்பதையும், அந்நகரம் மிக உயர்ந்த, நினைவில் நிற்கத்தக்க ஃபாரும் ஒன்றை எழுப்பியிருப்பதையும் குறிப்பிடுகிறார். அது எதற்காக எழுந்தது என்பதை 'ஆத் ஸ்பெக்குலம் பிரித்தானியே' என்னும் மூன்று சொற்களில் சொல்கிறார். சிக்கல் இம்மூன்று சொற்களில் உள்ளது.

'ஸ்பெக்குலா' என்றால் காவல் மேடை, உயர்ந்த நோக்கிடம். பார்த்தல் என்னும் பொருளுடைய அதன் வேர், வடமொழியில் 'பச்யதி' என்னும் வினையில் உள்ள வேருடன் இனமானது. 'பிரித்தானியே' என்னும் வடிவம் இலத்தீனில் ஆறாம் வேற்றுமைக்கும் நான்காம் வேற்றுமைக்கும் பொது. ஆகவே இத்தொடருக்கு மூன்று பொருள்கள் இயலும்: பிரித்தானியாவை நோக்குவதற்கான இடம், பிரித்தானியாவின் பக்கமிருந்து வருவதைக் காக்கும் இடம், பிரித்தானியாவிற்குச் செல்லும் வழிக்கு உதவும் நோக்கிடம். 'புலிகொல் யானை' என்னும் தொடரில் கொன்றது எது, கொல்லப்பட்டது எது என்னும் தடுமாற்றத்தைத் தமிழ் இலக்கண உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். பெயர் வினைமுதலா, செயப்படுபொருளா என்பதை வடிவம் காட்டாதபோது சூழலே முடிவு செய்யும். ஒரோசியஸின் தொடரும் அவ்வகைப்பட்டது. கலங்கரை விளக்கம் என்னும் சூழலில், பிரித்தானியக் கடல்வழியின் பொருட்டு என்பது இயல்பான பொருளாகத் தோன்றுகிறது. ஆனால் 'ஸ்பெக்குலா' என்னும் சொல் தன்னளவில் பார்ப்பவனை வேண்டி நிற்கிறது. காணப்படும் விளக்கு, காணும் மேடையாக மாறுவதற்கு இச்சொல்லே வாயில் திறந்தது.

சற்றுப் பின்னர் ஒரோசியஸ் அயர்லாந்தைப் பற்றிக் கூறுகையில், அத்தீவின் முன்பகுதிகள், சிறப்பாக ஸ்கேனா ஆற்றின் முகத்துவாரம் உள்ள முனை, நெடுந்தொலைவிலிருந்து பிரிகாந்தியாவை நோக்குகின்றன என்கிறார். இங்கு அவர் ஆளும் வினை 'ஸ்பெக்தாந்த்'. பார்த்தல், ஒரு திசைக்கு எதிர்முகமாக அமைதல் ஆகிய இரு பொருளும் அதற்கு உண்டு. தமிழ் 'நோக்கு' என்னும் வினை இதற்கு முற்றிலும் ஒத்தது. கிழக்கு நோக்கிய கோயில் என்றால் கோயில் கிழக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று எவரும் கொள்வதில்லை. நிலவியல் நூலில் ஸ்பெக்தாந்த் என்பதன் பொருளும் அதுவே. அக்காலத்தார் அயர்லாந்து பிரித்தானியாவுக்கும் ஸ்பெயினுக்கும் இடையில் கிடப்பதாகக் கருதினர். தாசித்தஸும் அவ்வாறே எழுதியுள்ளார். ஆகவே இரு நிலங்களும் எதிரெதிரே நோக்கி அமைந்தன என்பது அவர்தம் நிலப்படத்திற்கு ஏற்ற கூற்றேயாகும்.

6. பார்வையின் கதை: அயர்லாந்து

ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செவில் நகர இசிதோர் தம் சொற்பிறப்பியல் களஞ்சியத்தில் ஒரோசியஸின் கூற்றை ஒரு படி முன்னெடுத்துச் சென்றார். அயர்லாந்தின் முன்பகுதிகள் ஐபீரியாவை நோக்கியிருப்பதால்தான் அதற்கு 'ஹிபேர்னியா' என்று பெயர் வந்தது என்பது அவர் தரும் விளக்கம். இது ஒலியொப்புமையைக் கொண்டு கற்பித்த சொற்பிறப்பு. ஒன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியாவில் எழுந்த 'பிரித்தானியர் வரலாறு' என்னும் இலத்தீன் நூல், ஸ்பெயினின் போர்வீரன் ஒருவனுடைய மூன்று புதல்வர் அயர்லாந்திற்குக் கப்பலேறி வந்ததாகக் கூறுகிறது. அங்குப் 'போர்வீரன்' என்பதற்குரிய சொல் 'மீலெஸ்'.

பதினொன்றாம் நூற்றாண்டில் ஐரிஷ் மொழியில் தொகுத்த 'லெபோர் கபாலா எரென்', அதாவது அயர்லாந்தைக் கைக்கொண்ட வரலாறு கூறும் நூல், இவ்விழைகளை ஒன்றாக நெய்தது. அதன்படி பிரேயோகான் என்பவன் ஸ்பெயினில் பிரிகாந்தியா நகரை நிறுவி ஒரு கோபுரம் எழுப்பினான். அவன் மகன் ஈத், பனிக்காலத்து மாலைப்பொழுது ஒன்றில் கோபுரத்தின் உச்சியிலிருந்து கடலுக்கு அப்பால் அயர்லாந்தைக் கண்டான். கண்டதை நாடிச் சென்றவன் அங்குக் கொலையுண்டான். அவன் பழியை முடிக்க மீல் எஸ்பாஞெ என்பவனின் புதல்வர்கள் படையுடன் சென்று தீவைக் கைப்பற்றினர். ஐரிஷ் மக்கள் அவர்கள் வழிவந்தோர்.

கதையின் ஒவ்வொரு மூட்டையும் பிரித்துப் பார்த்தால் சொல் ஒன்று தென்படுகிறது. 'மீல் எஸ்பாஞெ' என்பது 'ஸ்பெயினின் போர்வீரன்' என்னும் இலத்தீன் தொடரின் ஐரிஷ் வடிவம். மொழிபெயர்ப்பில் பொதுப்பெயர் இயற்பெயராயிற்று. பிரேயோகான் என்னும் பெயர் பிரிகாந்தியாவிலிருந்து வருவிக்கப்பட்டது. பிரிகாந்தியா, உயர்ந்தது என்னும் பொருளுடைய கெல்தியச் சொல். வடமொழி 'ப்ருஹதீ' அதற்கு நேர் இனச்சொல். உயரத்தைக் குறித்த சொல் ஊர்ப்பெயராகி, ஊர்ப்பெயர் ஊரை நிறுவிய முன்னோனாயிற்று. ஒரோசியஸ் குறிப்பிட்ட ஸ்கேனா ஆறும் விடுபடவில்லை. கதையில் ஸ்கேனே என்பவள் படைத்தலைவருள் ஒருவனாகிய அமைர்கெனின் மனைவி. கடற்பயணத்தில் அவள் இறந்ததால் அம்முகத்துவாரம் அவள் பெயரைப் பெற்றதாம்.

இவற்றினும் முதன்மையானது திசை மாற்றம். ஒரோசியஸ் நூலில் நோக்குவது அயர்லாந்து, நோக்கப்படுவது பிரிகாந்தியா. கதையில் நோக்குபவன் பிரிகாந்தியாவில் நிற்கிறான்; நோக்கப்படுவது அயர்லாந்து. எதிர்முகமாக அமைதலைக் குறித்த வினை, கண்ணால் காணலைக் குறித்த வினையாகக் கொள்ளப்பட்டபின், பார்ப்பவன் ஒருவன் தேவைப்பட்டான். ஸ்பெக்குலா என்னும் சொல் அவனுக்கு நிற்க இடம் தந்தது.

உண்மையில் அவ்வாறு காண இயலுமா என்பதைக் கணக்கிட்டே அறியலாம். குன்றும் கோபுரமும் சேர்ந்த உயரம் ஏறத்தாழ 112 மீட்டர். அவ்வுயரத்திலிருந்து கடலின் தொடுவானம் சுமார் 38 கிலோமீட்டர். அயர்லாந்தின் மிக உயர்ந்த மலை ஆயிரம் மீட்டரைச் சற்றே கடந்தது. அதன் சிகரம் கடல்மட்டத்திலிருந்து மறையாத தொலைவு சுமார் 115 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினாலும் 155 கிலோமீட்டரைத் தாண்டாது. கொருஞ்ஞாவுக்கும் அயர்லாந்தின் தென்கரைக்கும் இடையேயுள்ள தொலைவோ ஏறத்தாழ 900 கிலோமீட்டர். ஈத் கண்டது நிலத்தையன்று. நூலில் இருந்த வாக்கியத்தை.

7. கண்ணாடியின் கதை: ஸ்பெயின்

ஸ்பெயினில் இக்கோபுரத்திற்கு வேறொரு கதை எழுந்தது. காஸ்தில் அரசன் பத்தாம் அல்ஃபோன்சோவின் ஆதரவில் 1270ஐ ஒட்டி ஸ்பானிய மொழியில் தொகுக்கத் தொடங்கிய 'ஸ்பெயின் வரலாறு' அதனைக் கூறுகிறது. ஹெர்க்குலிஸ் கெரியோன் என்னும் கொடுங்கோலனுடன் மூன்று நாள் போரிட்டு அவன் தலையை வெட்டி, அதனைப் புதைத்த இடத்தில் கோபுரம் எழுப்பத் தொடங்கினான். அருகே எழுந்த ஊரில் முதலில் குடியேறிய பெண்ணின் பெயரை ஊருக்கு இட்டான். அவன் உறவினனாகிய எஸ்பான் கோபுரத்தை முடித்து, தொலைவில் வரும் கப்பல்களைக் காட்டும் பெரிய கண்ணாடி ஒன்றை அதில் அமைத்தான். கொருஞ்ஞா நகரத்தின் சின்னத்தில் இன்றும் கோபுரத்தின் கீழே மண்டையோடும் எலும்புகளும் உள்ளன. அம்மண்டையோடு கெரியோனுடையது.

இங்கும் மாந்தர் சொற்களிலிருந்தே பிறக்கின்றனர். எஸ்பான் என்பவன் எஸ்பாஞ்ஞா என்னும் நாட்டுப்பெயரிலிருந்து பிறந்தவன். ஊருக்குப் பெயர் தந்த பெண் ஊர்ப்பெயரிலிருந்து பிறந்தவள். கண்ணாடி எங்கிருந்து வந்தது?

இலத்தீனில் கண்ணாடிக்குரிய சொல் 'ஸ்பெக்குலும்'. நோக்கிடத்திற்குரிய 'ஸ்பெக்குலா' இரண்டாம் வேற்றுமையில் 'ஸ்பெக்குலம்' என்றாகும். இரண்டும் ஒரே வேரின் கிளைகள். எழுத்தில் வேறுபடுவது ஈற்றயல் உயிர் ஒன்றே. ஸ்பெயினில் வழங்கிய விசிகோத்திய எழுத்து வகையில் 'அ'கரத்திற்குரிய எழுத்து மேற்புறம் மூடாமல் 'உ'கரத்திற்குரிய எழுத்தை மிக ஒத்திருக்கும். ஏடெழுதுவோர் ஒன்றை மற்றொன்றாகப் படித்தல் அவ்வெழுத்தில் எளிது. 'பிரித்தானியாவின் நோக்கிடமாக' என்பது 'பிரித்தானியாவின் கண்ணாடியாக' என்று படிக்கப்பட்டிருக்கலாம் என்னும் கருத்து ஆய்வாளரிடையே உண்டு.

இதனை ஒன்றே காரணம் என்று கொள்வதற்கில்லை. அலெக்சாண்டிரியாவின் ஃபாரோஸ் கோபுர உச்சியில் தொலைவைக் காட்டும் கண்ணாடி இருந்ததாக அரபு ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். பத்தாம் நூற்றாண்டு அல்-மஸூதி அவர்களுள் ஒருவர். அல்ஃபோன்சோவின் அவையில் அரபு நூல்கள் மொழிபெயர்க்கப்பட்டன என்பதும் அறிந்ததே. ஆகவே பாட வேறுபாடு ஒருபுறமும் கடன்பெற்ற கதை மறுபுறமும் ஒன்றையொன்று வலுப்படுத்தியிருக்க வேண்டும் எனலாம். மூலத்தில் ஓர் ஐயம் எழும்போது, படிப்பவர் முன்பே கேட்டிருந்த கதையே ஐயத்தை நீக்கும் உரையாக வந்து அமைகிறது. மொழிபெயர்ப்பாளர் பலரும் தம் பணியில் உணர்ந்திருக்கக்கூடிய நிலை இது.

8. மீட்சி பெற்ற முன்னோன்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலீசிய மொழியும் பண்பாடும் மறுமலர்ச்சி பெற்றபோது, காஸ்தில் நாட்டிலிருந்து வேறான தொன்மை ஒன்று கலீசியருக்குத் தேவைப்பட்டது. வரலாற்றாசிரியர் மனுவேல் முர்கியா அவர்களின் கெல்தியத் தொன்மையை வலியுறுத்தினார். கவிஞர் எதுவார்தோ போந்தால் ஐரிஷ் நூலின் பிரேயோகானைக் கலீசியரின் முன்னோனாகப் பாடினார். போந்தாலின் கவிதைக்குப் பாஸ்குவால் வெய்கா இசையமைத்த பாடல் 1907இல் கியூபாவின் ஹவானா நகரில், புலம்பெயர்ந்த கலீசியர் நடுவில் முதன்முதலாகப் பாடப்பட்டது. இன்று அதுவே கலீசியாவின் அதிகாரப் பண். பிரேயோகானின் பெயர் அதில் இடம்பெறுகிறது. கோபுரத்திற்குச் செல்லும் பாதையில் அவன் சிலை நிற்பதன் காரணம் இதுவே.

ஆக, ஓர் ஊரின் பெயர் கலீசியாவிலிருந்து இலத்தீன் நூலின் வழியே அயர்லாந்திற்குச் சென்று, அங்கு மனிதனாகி, பல நூற்றாண்டுகளுக்குப் பின் தன் ஊருக்கே முன்னோனாகத் திரும்பி வந்திருக்கிறது. இதனைச் சொல்வது கலீசியரின் பற்றைக் குறைத்துரைப்பதாகாது. தம் மொழி பள்ளியிலும் அலுவலகத்திலும் இடமின்றி ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில் அம்மக்களை ஒன்றுசேர்த்த பெயர் அது. அப்பெயரின் மதிப்பு அதன் வரலாற்று உண்மையைச் சார்ந்ததன்று. ஆனால் அப்பெயரை ஒரோசியஸின் வாயில் வைப்பது வேறு செயல். முன்னது மக்களின் உரிமை. பின்னது மொழிபெயர்ப்பாளரின் பிழை.

9. முடிவுரை

இக்கோபுரத்தின் வரலாற்றில் இடம்பெறும் பிரேயோகான், மீல், ஸ்கேனே, எஸ்பான், ஊருக்குப் பெயர் தந்த பெண் ஆகிய ஐவரும் சொற்களில் பிறந்தவர்கள். செவியஸ் லூப்பஸ் மட்டும் கல்லில் தன் பெயரை வெட்டியவன். எந்தக் கதையும் அவனை எடுத்துக்கொள்ளவில்லை. அவன் பெயரில் விளக்கம் வேண்டும் ஐயம் எதுவும் இல்லாதது அதற்கு ஒரு காரணமாகலாம். விளங்காத சொல்லே கதையை வேண்டுகிறது.

மொழிபெயர்ப்போர்க்கு இங்குப் பெறப்படுவன மூன்று. ஒன்று, பார்த்தல் தொடர்பான வினைகளில் கண்ணால் காணலையும் எதிர்முகமாக அமைதலையும் பிரித்தறிதல் வேண்டும். தமிழில் 'நோக்கு' இரண்டையும் தாங்குவதால் ஒரோசியஸின் வினைக்கு அதுவே தக்கது. 'காண்' என்று பெயர்த்தால் ஈத் கோபுரத்தில் ஏறிவிடுவான். இரண்டு, வேற்றுமை தடுமாறும் தொடரை, மூலத்தின் தடுமாற்றத்தோடு தரத் தமிழ்த் தொகைநிலை இடமளிக்கிறது. 'ஆத் ஸ்பெக்குலம் பிரித்தானியே' என்பதைப் 'பிரித்தானிய நோக்குமாடமாக' என்று பெயர்த்துவிட்டு, மூவகைப் பொருளையும் அடிக்குறிப்பில் விரித்தல் நேர்மையான முறை. 'பிரித்தானியாவைப் பார்ப்பதற்காக' என்று விரித்துப் பெயர்ப்பது மொழிபெயர்ப்பாளர் தாமே முடிவு செய்துவிடுவதாகும். மூன்று, பெயர்த்து எழுதும் தொடரில் பொதுப்பெயர் எது, இயற்பெயர் எது என்பதை மூலமொழியின் வழக்கைக் கொண்டு துணிதல் வேண்டும். போர்வீரன் ஒருவன் மீல் என்னும் மனிதனாகி ஓர் இனத்திற்கே தந்தையானது இத்துணிபு தவறியதால்.

ஜான்னீனி பழைய சாய்வுப் பாதையை மீண்டும் கட்ட முயலவில்லை. அது சென்ற தடத்தை மட்டும் சுவரில் காட்டினார். பாதை எங்கே இருந்தது என்பதையும் இன்று இல்லை என்பதையும் காண்பவர் ஒருசேர அறிகிறார். மூலத்தில் தெளிவில்லாத இடத்தைத் தெளிவில்லாத இடமாகவே காட்டும் மொழிபெயர்ப்பும் படிப்பவருக்கு அத்தகைய உதவியையே செய்கிறது.